சுமத்தப்பட்ட சிலுவை

தனுஷ்கோடிக்குச் செல்லும் எவரும் அந்தக் கோவிலின் முன் சற்று நேரம் நில்லாமல் திரும்புவதில்லை. கூரை இல்லை, கதவு இல்லை, உப்புக் காற்றில் அரிபட்ட சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அலைகளில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மூன்றே நாட்கள் இருந்தன.

அச்சுவர்களின் நடுவே நிற்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. அந்த ஆண்டின் திருவருகைக் காலத்தில் இதே கோவிலில் ஆண்டவரின் வருகைக்காக மன்றாடியவர்கள் உண்டு. அவர்களிடம் அந்த இரவில் வந்தது கடல். துன்பத்திலும் கிறிஸ்துவையே மையமாகக் கொண்டு வாழ வேண்டும் என்று மறையுரைகளில் கேட்கிறோம். செபக் கூட்டங்களில் நாமே சொல்கிறோம். வீடும் வலையும் பிள்ளையும் ஒரே இரவில் போய்விட்ட ஒரு தாய்க்கு இச்சொல்லின் பொருள் என்ன? அதை அவளிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டா? இதனையே இங்கே சற்றுப் பொறுமையாக எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நாம் சொல்லும் ஆறுதல்

துக்க வீட்டிற்குச் செல்கிறோம். சொல்வதற்கு ஒன்றும் தோன்றாதபோது, "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்கிறோம். "இது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, பொறுமையாய்ச் சுமந்துகொள்ளுங்கள்" என்கிறோம். சொல்லிவிட்டு வீடு திரும்புகிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் ஆறுதலில் இரு குறைகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, துன்பத்தை அனுப்பியவர் கடவுளே என்று நாம் தீர்ப்பிட்டு விடுகிறோம். பேரிடர் நேர்ந்த ஊரைப் பாவம் செய்த ஊர் என்று பேசும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இயேசு அதை ஏற்கவில்லை. சீலோவாமில் கோபுரம் சரிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்துப் பேச நேர்ந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைக் காட்டிலும் குற்றவாளிகள் அல்லர் என்று அவர் தெளிவுபடுத்தினார். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோதும் அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். இறைவனின் திட்டம் ஒன்று உண்டு என்று நாம் விசுவசிக்கிறோம். அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டவர்களைப் போலப் பேசுவது விசுவாசமாகாது.

இரண்டாவது, துன்புறுவோர் வாய்விட்டு அழுவதை நாம் தடுத்து விடுகிறோம். அழுதால் விசுவாசம் குறைந்தவர் என்றும், முறையிட்டால் இறைவனை எதிர்ப்பவர் என்றும் ஓர் அச்சத்தை உண்டாக்கி விடுகிறோம். ஆனால் கெத்சமனியில் நம் ஆண்டவர் அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்றுதான் முதலில் மன்றாடினார். தந்தையின் விருப்பத்திற்குத் தம்மைக் கையளித்தது அதற்குப் பின்பே. சிலுவையிலும், கைவிடப்பட்டவனின் கதறலாகத் தொடங்கும் திருப்பாடலே அவர் வாயில் இருந்தது. யோபுவின் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். ஏழு நாட்கள் அவரோடு தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் துன்பத்திற்கு மேல் துன்பமானார்கள். நூலின் முடிவில், கடவுளுக்காக வாதாடிய அவர்களைக் கடவுள் கடிந்துகொண்டு, முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்கிறார்.

துன்பத்தில் கலங்காதிருத்தல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய போதனை அன்று. வள்ளுவர் இடுக்கண் அழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். இடர் வரும்போது நகைக்கச் சொன்னார். கிரேக்க, உரோமை அறிஞருள் ஒரு சாராரும் வெளியிலிருந்து வரும் எதுவும் உள்ளத்தைத் தீண்டாதவாறு வாழ்வதே ஞானம் என்றனர். இவை பெரிய அறங்கள். இவற்றை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் லாசரின் கல்லறை முன் இயேசு நகைக்கவில்லை, கண்ணீர் விட்டார். கலங்காத உள்ளம் ஒன்றே குறிக்கோள் என்றால் அவர் அங்கே தோற்றுவிட்டார் என்றாகும். அப்படியானால் கிறிஸ்துவை மையமாகக் கொண்ட மனநிலை, கலங்காமையிலிருந்து வேறான ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். அது என்ன என்பதற்கு நம் கரையிலேயே பிறந்த ஒரு வரலாற்றின் துணையை நாடுவோம்.

ஓரியூரின் செம்மண்

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஓரியூருக்குத் திருப்பயணம் செல்வோர் அங்குள்ள செம்மண்ணைக் கையில் எடுக்காமல் வருவதில்லை. 1693 ஆம் ஆண்டு பிப்ரவரி 4 ஆம் நாள் புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். அது அவ்வாண்டின் திருநீற்றுப் புதன்.

ஜான் தெ பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1647 இல் லிஸ்பன் நகரில் பிறந்து, போர்ச்சுகல் அரசவையில் வளர்ந்தவர். 1673 இல் இந்தியாவிற்கு வந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். 1686 இல் மறவர் நாட்டில் அவரும் அவரோடிருந்த உபதேசியார்களும் பிடிபட்டனர். அடித்தும், நீரில் அமிழ்த்தியும், விலங்கிட்டும் வதைத்த பின், இராமநாதபுரம் சேதுபதி அவரை விடுவித்தார். இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்பது கட்டளை. அடுத்த ஆண்டு சபை அலுவலாகப் போர்ச்சுகல் சென்றபோது, அரசர் அவரைத் தம்மருகே நிறுத்திக்கொள்ளவே விரும்பினார். பாதுகாப்பும் பெருமையும் உள்ள வாழ்வு அங்கே காத்திருந்தது. அவர் 1690 இல் மீண்டும் இந்தியா வந்தார். திரும்பவும் மறவர் நாட்டிற்கே சென்றார்.

அரச குடும்பத்தவரான தடியத்தேவர் நோயிலிருந்து நலம் பெற்று, 1693 சனவரி 6 இல் திருமுழுக்குப் பெற்றார். திருச்சபையின் ஒழுங்குப்படி ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதாக உறுதி பூண்டு, ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவரான கடலை என்பவர் சேதுபதியின் உறவினர், அவர் முறையிட்டார். இரண்டே நாட்களில் அருளானந்தர் பிடிக்கப்பட்டார். இராமநாதபுரத்திற்குக் கொண்டுபோய், பின்னர் ஓரியூருக்கு அனுப்பினர். இறப்பதற்கு முந்திய நாள் சிறையிலிருந்தபடியே அவர் மடல் எழுதினார். சாவை அஞ்சாத ஒருவருடைய எழுத்து அது என்பதை அதனைப் படித்தோர் அறிவர். 1853 இல் அருளாளர் என்றும், 1947 சூன் 22 இல் புனிதர் என்றும் திருச்சபை அவரை உயர்த்தியது.

இவ்வரலாற்றைச் சொல்லி, "அருளானந்தரைப் போலத் துன்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று முடிப்பது எளிது. ஆனால் நேர்மையுள்ள ஒருவர் இங்கே நம்மை மறிக்கக்கூடும். "அருளானந்தர் தெரிந்து வந்தவர். லிஸ்பனில் இருந்திருக்கலாம், வந்தார். என் கணவர் அப்படியா? வீட்டில் அரிசி இல்லையென்று கடலுக்குப் போனவர். அவர் திரும்பாததை நான் தெரிந்துகொள்ளவில்லை. புனிதர் தேர்ந்த சிலுவையைக் காட்டி, நான் தேராத சிலுவைக்கு ஆறுதல் சொல்லலாமா?" இப்படி ஒரு மீனவப் பெண் கேட்டால், அவள் கேட்பது நியாயமே. விருப்பத்தோடு ஏற்ற துன்பமும், விரும்பாமலே வந்து விழுந்த துன்பமும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்கிப் பேசும்போதெல்லாம் நம் பேச்சு ஏழைகளின் காதில் வெற்றொலியாகிறது.

சிரேன் ஊரான்

நற்செய்தியில் இந்தப் பெண்ணுக்கு அருகில் நிற்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் ஆண்டுதோறும் நாம் அவரைச் சந்திக்கிறோம். சிரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் அன்று வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் சீடரல்லர், இயேசுவைத் தேடி வந்தவருமல்லர். படைவீரர் பிடித்தனர், சிலுவையைத் தோளில் ஏற்றினர். "நான் ஏன்?" என்று அவர் கேட்டிருந்தால் அதற்கு அவர்களிடம் விடை இருந்திராது. வழியில் போனவர் என்பதே காரணம். தனுஷ்கோடி ரயிலில் அன்று இருந்தவர்களும் அப்படித்தான், அந்த வழியில் போனவர்கள்.

மூன்று நற்செய்தியாளர் சீமோனைக் குறிப்பிடுகின்றனர். மாற்கு மட்டும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்: அவர் அலெக்சாந்தருக்கும் ரூபுக்கும் தந்தை. தாம் எழுதிய சபையாருக்கு இந்தப் பிள்ளைகள் தெரிந்தவர்களாக இருந்தால்தான் இப்படி எழுத முடியும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் வாழ்த்தும் ரூபு இவரே என்று கருதுவோரும் உண்டு. அவ்விடத்தில் ரூபுவின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார் பவுல். எவ்வாறாயினும், கட்டாயத்தால் சிலுவை சுமந்தவரின் பெயர் தொடக்கத் திருச்சபையில் மறக்கப்படவில்லை. அவருடைய பிள்ளைகள் அங்கே அறிமுகமானவர்களாக இருந்தனர்.

இடையில் என்ன நடந்தது என்பதை நற்செய்தி சொல்லவில்லை. ஒன்று மட்டும் நமக்குத் தெரிகிறது. சிலுவையைச் சுமப்பதா வேண்டாமா என்பது சீமோனின் கையில் இல்லை. யாரோடு நடக்கிறோம், முன்னே போகிறவர் யார் என்று நிமிர்ந்து பார்ப்பது அவர் கையில் இருந்தது. துன்பம் வருவதை நாம் தேர்வதில்லை. துன்பத்தில் எந்தத் திசை நோக்கி நிற்கிறோம் என்பதில்தான் நமக்குச் சிறு உரிமை மீதமிருக்கிறது. அது சிறியதுதான், கண்ணீருக்கு நடுவில் ஒரு நொடி மட்டுமே கிடைப்பது. அந்த நொடிக்குள் அருளானந்தரும் மீனவப் பெண்ணும் சந்திக்க முடியும்.

வலி எங்கே போய் நிற்கிறது?

அப்படித் திரும்பி நிற்பது வெறும் மன எண்ணமா, அதற்கு வெளியில் ஏதேனும் அடையாளம் உண்டா என்று வினவலாம். உண்டு என்றே நாம் கருதுகிறோம். வலிக்கு ஓர் இயல்பு இருக்கிறது. அது தன்னைச் சுமப்பவரிடம் தங்கியிருக்க விரும்பாது; அடுத்தவர்மேல் ஏறப் பார்க்கும். வலை வெறுமையாய் வந்தது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் நெஞ்சை அழுத்துகிறது. குடித்துவிட்டு வருகிறவர் மனைவியை அடிக்கிறார். மனைவி பிள்ளையை அடிக்கிறாள். பிள்ளை தெருநாயின்மேல் கல்லெறிகிறான். கடலில் தொடங்கிய வலி நாய்வரை போகிறது. நாடுகளும் குலங்களும் தம் வரலாற்றின் புண்களை இவ்வாறே ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வந்திருக்கின்றன.

1693 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை இந்தக் கண்ணோடு மீண்டும் பார்ப்போம். கடலையை ஏரோதியாளின் தங்கையைப் போல நாம் சித்திரித்துப் பழகிவிட்டோம். தடியத்தேவரின் மனமாற்றம் உண்மையானதே. ஆயினும் அன்று அவர் அரண்மனையை விட்டு வெளியேறிய பெண்களுக்கும் வாழ்வு ஒன்று இருந்தது. அது ஒரே நாளில் குலைந்தது. கடலை பட்டது அவமானம். அந்த வலி மெய்யானது. அது சேதுபதியின் சினமாக மாறியது. சினம் ஆணையாக மாறியது. ஆணை ஓரியூரில் வாளாக மாறி, ஒரு மனிதரின் கழுத்தில் வந்து விழுந்தது. அங்கே அது நின்றது. அருளானந்தர் அதை வேறொருவர்மேல் ஏற்றவில்லை. தம்மைக் கொன்றவர்களை வெறுக்கவில்லை; பழி தேட ஒருவரையும் ஏவவில்லை. அவர் அவ்வாறு செய்தது தம் ஆண்டவரிடம் கற்றதால். பிலாத்துவின் அச்சமும், தலைமைக் குருக்களின் காழ்ப்பும், படைவீரரின் சலிப்பும் கைமாறிக் கைமாறி வந்து கல்வாரியில் ஒருவர்மேல் விழுந்தன. அவரிடமிருந்து மன்னிப்பு வந்தது. பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு வாக்குறுதி வந்தது. தாயைச் சீடரிடமும் சீடரைத் தாயிடமும் ஒப்படைக்கும் கரிசனை வந்தது.

கிறிஸ்து இயேசுவின் மனநிலையை உடையவராயிருங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், சிறையிலிருந்தே அம்மடலை எழுதினார். அந்த அறிவுரைக்குச் சற்று முன்னால் அவர் எழுதியது என்ன? தம்மைச் சார்ந்ததை மட்டும் நாடாமல் பிறரைச் சார்ந்ததையும் நாட வேண்டும் என்பதே. ஆகவே கிறிஸ்துவை மையமாகக் கொண்ட மனநிலை வலியை உணராத நிலையாகாது. அது வலியின் நடுவிலும் அடுத்தவரின் முகம் தெரிகின்ற நிலை. கலங்கினாலும் அது குன்றாது, அழுதாலும் குன்றாது. நம் துன்பம் ஒன்றே உலகம் என்று ஆகிவிடும்போதுதான் அது நம்மை விட்டுப் போகிறது.

அருளானந்தருக்கு முன்பும் இக்கரை அதைக் கண்டிருக்கிறது. மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் 1549 இல் அந்தோணியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இளைஞர் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் போர்த்துக்கீசியர் அங்கே சுங்கம் வாங்கினர். அதனால் மூண்ட சினத்தில் வடுகர் படை வந்தது என்பது வரலாறு. தவறு செய்தவர்கள் கப்பலேறினர். கிரிமினாலி கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையிலேயே நின்றார். ஈட்டிகள் பாய்ந்து மாண்டார். வயது முப்பதைத் தொடவில்லை. யாரோ இழைத்த பேராசையின் கூலி அவர்மேல் விழுந்தது. அந்தக் கடைசி நேரத்திலும் அவர் கண்ணில் பட்டது இன்னும் படகேறாத பிள்ளைகளே.

இரு கரைகள்

இதுவரை பழைய வரலாற்றைப் பேசினோம். இனி நம் நாளுக்கு வருவோம். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பங்குகளில் இன்று கேட்கும் அழுகை எது என்பதை நாம் அறிவோம். கடலுக்குச் சென்றவர் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சிறையில் இருப்பார். கடன் வாங்கிச் செய்த படகு அங்கே கரையில் கிடந்து மக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. 2014 இல் நம் மீனவர் ஐவருக்குக் கொழும்பில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் அவர்கள் விடுவிக்கப்படும் வரையில் தங்கச்சிமடம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2017 மார்ச்சில் கடலில் குண்டு பாய்ந்து இறந்த இளைஞனுக்காக அவ்வூர் மக்கள் பல நாட்கள் அமர்ந்திருந்ததையும் மறக்கவில்லை.

இதே மக்கள்தாம் 1983 க்குப் பின் அக்கரையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்குக் கஞ்சியும் மாற்றுத் துணியும் கொடுத்தவர்கள். தனுஷ்கோடியின் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, குழந்தைகளோடு தவித்து நின்றவர்களை முதலில் கண்டவர்கள் மீனவர்களே. கண்டவர்களிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தம் துன்பம் தம் கண்ணை மறைக்காத அந்த நாட்களை இக்கரையின் அருள் வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும்.

எனவே இனிச் சொல்வதை எந்தக் குற்றச்சாட்டாகவும் கொள்ள வேண்டாம் என்று வேண்டுகிறோம். 2009 இல் போர் முடிந்து, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் மீனவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் அச்சமின்றிக் கடலில் இறங்கினர். சிறு படகும் கையில் இருந்த வலையுமே அவர்கள் உடைமை. நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலின் அடியைத் துழாவிச் செல்லும்போது, இரவில் அவர்கள் விரித்திருந்த வலைகள் அறுபட்டன. 2017 இல் அந்நாடு இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அவர்களும் தமிழர், அவர்களில் மிகப் பலர் நம்மைப் போலவே அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்ளும் கத்தோலிக்கர். இங்கே விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு வேறு வழியில்லை. கரையில் கடன், கடலின் இப்பக்கத்தில் மீன் இல்லை. நம் வலி, நாம் அறியாமலே, அக்கரை ஏழையின் வலைமேல் ஏறுகிறது. அவர்களின் வலி சிறைக் கதவாக நம்மிடம் திரும்புகிறது. இடையில் இரு கரைகளிலும் ஒரு தாய் அழுகிறாள்.

கச்சத்தீவில் ஆண்டுதோறும், பெரும்பாலும் தவக்காலத்தில், புனித அந்தோணியார் திருவிழா நடைபெறுகிறது. 1974 ஒப்பந்தத்தால் அத்தீவு இலங்கைக்குரியதாயிற்று. ஆயினும் நம் திருப்பயணிகள் அங்கே செல்லும் உரிமை அதில் காக்கப்பட்டது. இரு கரையினரும் அங்கே ஒன்றாகச் சிலுவைப் பாதை செய்கின்றனர். அந்த வறண்ட தீவில் ஐந்தாம் நிலையில் முழந்தாளிடும்போது பக்கத்தில் முழந்தாளிடுகிறவர் யார் என்று நாம் திரும்பிப் பார்ப்பதுண்டா? வலை அறுந்தவராக அவர் இருக்கலாம். அவர் பக்கத்திலிருக்கும் நாம் படகை இழந்தவராக இருக்கலாம். ஒருவர் சிலுவையை மற்றவர் அங்கே காணாவிட்டால், அந்த மன்றாட்டை நாம் முழுமையாகச் செய்துவிட்டோம் என்று சொல்ல இயலாது.

அப்படியானால் அநீதியைக் கேட்காமல் இருந்துவிடலாமா என்று சிலர் வினவுவர். அன்று. தலைமைக் குருவின் முன் தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம், தவறாய்ப் பேசியிருந்தால் காட்டும்படியும், இல்லையேல் ஏன் அடிக்கிறாய் என்றும் இயேசு கேட்டார். அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. சிறைப்பட்ட மீனவருக்காக முறையிடுவதும், படகிழந்தவருக்கு இழப்பீடு கேட்பதும், கடலை அழிக்காத தொழிலுக்கு மாற அரசிடம் உதவி கோருவதும் விசுவாசத்திற்கு மாறானவை அல்ல. நீதி கேட்கும் குரலில் வெறுப்பு கலந்திருக்கிறதா என்று நம்மை நாமே சோதித்துக்கொள்வது மட்டுமே கிறிஸ்து நம்மிடம் கூடுதலாகக் கேட்பது.

சீமோனாய் நிற்க

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம். துன்புறும் ஒருவரிடம், "கிறிஸ்துவை நோக்குங்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? தோள் கொடுக்காமல் சொல்ல உரிமை இல்லை. ஆண்டவரே தம் சிலுவையைத் தனியாகச் சுமந்து முடிக்கவில்லை. இன்னொருவரின் தோள் அவருக்கு வேண்டியிருந்தது. அதை ஏற்க அவர் வெட்கப்படவுமில்லை. பின் எந்தத் துணிவில் ஒரு கைம்பெண்ணிடம், "உங்கள் சிலுவையை நீங்களே சுமந்துகொள்ளுங்கள்" என்கிறோம்? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 இல் மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைக் குறித்துத் திருத்தூது மடல் ஒன்று எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் அவர் நல்ல சமாரியரிடம் வந்து சேர்வதும், துன்பம் அன்பைத் தட்டி எழுப்பும் என்று கற்பிப்பதும் கருதத்தக்கவை.

நம் அன்பியங்கள் இதற்கென்றே அமைந்தவை. கணவர் சிறையிலிருக்கும் வீட்டில் செபமாலை சொல்லிவிட்டு எழும்போது, மனு எழுதத் தெரிந்த ஒருவர் அங்கேயே அமர்ந்துவிடட்டும். இராமநாதபுரத்திற்கு மனுவோடு போகும் பெண்ணோடு இருவர் துணைக்குப் போகட்டும். பள்ளிக் கட்டணம் கட்டும் நாளை அவள் சொல்லாமலே நினைவில் வைத்திருப்போர் இருக்கட்டும். தடைக்காலத்தில் கடைக்காரர் ஒருவர் கணக்கை ஒரு மாதம் தள்ளிப் போடட்டும். செபிக்க முடியவில்லை என்று அவள் சொன்னால், "பரவாயில்லை, உங்களுக்காக நாங்கள் செபிக்கிறோம்" என்று சொல்லட்டும். விசுவாசம் தளர்ந்தவருக்காக விசுவசிப்பதும் சிலுவை சுமப்பதே. மன்றாட்டுகளில் அக்கரையில் வலை அறுந்தவர்களின் பெயரும் ஒரு முறை ஒலிக்கட்டும். முதல் முறை அது நாவில் சற்று இடறும். இடறினாலும் சொல்லிப் பழகுவோம்.

இன்றும் தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுக்கும் மீனவர்களைக் காணலாம். ஒரே வலையின் இரு கயிறுகளை இரு குழுவினர் வெகு தூரத்தில் நின்று இழுக்கத் தொடங்குகின்றனர். இழுக்க இழுக்க இரு குழுவினரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்கின்றனர். வலை கரையேறும்போது அருகருகே நிற்கின்றனர். சற்றுத் தொலைவில் அந்தக் கூரையில்லாக் கோவில். 1964 இல் அதில் மன்றாடியோருக்கு ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதற்கு நம்மிடம் விளக்கம் இல்லை. இருப்பதாக நடிக்கவும் வேண்டாம். ஆனால் அவ்வூரை விட்டு வந்தவர்கள் இதே தீவின் மற்ற ஊர்களில் குடிசை போட்டு, மீண்டும் கடலில் இறங்கி, பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வாழ்ந்தார்கள். சுமத்தப்பட்ட சிலுவையோடு எழுந்து நடந்தவர்கள் அவர்கள். அடுத்த திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பெறும்போது, ஓரியூரையும் வேதாளையையும் அவர்களையும் சேர்த்து நினைப்போம். நம்மிடம் வந்து சேரும் வலியை அடுத்தவர்மேல் ஏற்றாமல் ஆண்டவரிடம் கொண்டுபோய் வைக்கும் வரத்தை அன்று கேட்போம்.